குற்றாலத்தில் விழும் ஒரு லிட்டர் தண்ணீர்: ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏன் அண்ணாச்சி, இவ்வளவு தண்ணி சும்மா கொட்டுதே, இதுல கரண்டு எடுக்கக்கூடாதா?" உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் இது நல்ல கேள்வி. இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் போனால் ஆற்றல் என்றால் என்ன, அது எத்தனை வடிவங்களில் இருக்கிறது, முதலில் எங்கிருந்து வருகிறது என்று எல்லாவற்றையும் தொட வேண்டியிருக்கும்.

மென்பொருள் வேலையில் ஒரு தப்பான எண் திரையில் வந்தால், அது எந்த இடத்திலிருந்து வந்தது என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போவோம். அதே முறையைத்தான் இங்கே பயன்படுத்தப் போகிறேன். நாம் பின்தொடரப் போவது மெயின் அருவியில் விழும் ஒரே ஒரு லிட்டர் தண்ணீரை.

ஒரு லிட்டரின் கணக்கு

ஆற்றல் என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அது ஒரு கணக்கு. பணத்தைப் போல. ஒருவர் கையில் குறைந்தால் இன்னொருவர் கையில் ஏறியிருக்கும். நடுவில் காணாமல் போகாது, புதிதாக அச்சடிக்கவும் முடியாது. இதைத்தான் பள்ளிக்கூடத்தில் ஆற்றல் அழிவின்மை விதி என்று படித்தோம்.

மெயின் அருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. மேலே நிற்கும்போது அதனிடம் இருக்கும் நிலை ஆற்றல், எடை × புவியீர்ப்பு × உயரம். அதாவது 1 × 9.8 × 60 = 588 ஜூல்.

588 ஜூல் என்றால் எவ்வளவு? 75 வாட் சீலிங் ஃபேன் ஒன்றை 8 நொடி ஓட்டலாம். அவ்வளவுதான். நம் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஒரு யூனிட் கரண்டு வேண்டுமென்றால் 6,000 லிட்டருக்கு மேல், ஏறக்குறைய அரை டேங்கர் லாரி தண்ணீர், உச்சியிலிருந்து விழ வேண்டும். அதுவும் துளி நட்டமில்லாமல் முழுதையும் பிடித்தால்தான்.

அருவியைப் பார்த்தால் பிரம்மாண்டமாகத் தெரிகிறது, எண்ணில் போட்டால் இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று தோன்றும். புவியீர்ப்பு விசை அவ்வளவு பலவீனமானது. கூட்டம் கூட்டமாகத் தண்ணீரும் மலை உயரமும் சேர்ந்தால்தான் அதிலிருந்து உருப்படியாக ஏதாவது எடுக்க முடியும்.

விழுந்த பிறகு எங்கே போகிறது?

விழ விழ, நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது. கீழே பாறையில் மோதியதும் வேகம் நின்றுபோகிறது. அந்த 588 ஜூல் என்னவாயிற்று? கொஞ்சம் இரைச்சலாகவும் காற்றாகவும் போகிறது. மீதி எல்லாம் வெப்பம். தண்ணீரின் மூலக்கூறுகள் முன்பைவிடச் சற்றே கூடுதலாக ஆடுகின்றன.

எவ்வளவு சூடாகும்? ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4,190 ஜூல் தேவை. அப்படியானால் 588 ஜூலுக்கு 0.14 டிகிரி செல்சியஸ்.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் ஜேம்ஸ் ஜூல், இங்கிலாந்தில் மது வடிக்கும் ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். 160 அடி விழும் நயாகரா தண்ணீர், கீழே வரும்போது ஃபாரன்ஹீட் அளவில் ஐந்தில் ஒரு பங்கு டிகிரி சூடாகியிருக்கும் என்று 1845-ல் எழுதினார். 1847-ல் திருமணம் முடிந்த கையோடு ஆல்ப்ஸ் மலைப்பக்கம் போனவர், அங்கேயும் ஓர் அருவியின் மேலும் கீழும் வெப்பநிலையை அளக்கப் பார்த்தார் என்று, அவரை அங்கே சந்தித்த வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) நினைவுகூர்ந்திருக்கிறார். தண்ணீர் வழியிலேயே சிதறிப்போனதால் அளவு சரியாகக் கிடைக்கவில்லை.

"குற்றாலத் தண்ணி சில்லுன்னுல்ல இருக்கு, சூடாகுதுங்கிறியே?" என்று கேட்கலாம். சிதறும் திவலைகளில் லிட்டருக்குக் கால் மில்லி ஆவியானாலே போதும், அந்த 0.14 டிகிரி ஈடாகிவிடும். ஆவியாவதற்கு அவ்வளவு வெப்பம் செலவாகிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதியில் தேவைப்படும்.

மேலே ஏற்றியது யார்?

தண்ணீர் விழுவதற்கு முன்னால் யாராவது அதை மேலே ஏற்றியிருக்க வேண்டும். குற்றால மலைக்கு அந்த வேலையைச் செய்வது தென்மேற்குப் பருவக்காற்று. அதை ஓட்டுவது சூரியன்.

நம் ஒரு லிட்டர் சில நாட்களுக்கு முன் கடலில் இருந்தது. அதை ஆவியாக்க சுமார் 24 லட்சம் ஜூல் தேவை. நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நொடிக்குச் சுமார் 1,000 ஜூல் விழுகிறது. அதாவது ஒரு சதுர மீட்டர் கடலின் மீது விழும் உச்சி வெயில் முழுவதும், 40 நிமிடத்துக்கு, வேறு எதற்கும் செலவாகாமல் இந்த ஒரு லிட்டருக்கே போக வேண்டும்.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆவியாக்கச் செலவு 24 லட்சம் ஜூல். அருவியில் நமக்குக் கிடைப்பது 588 ஜூல். ஏறத்தாழ நாலாயிரத்துக்கு ஒன்று. சூரியன் நாலாயிரம் ரூபாய் செலவழித்திருக்கிறது. அருவியில் நாம் பார்ப்பது ஒரு ரூபாய்.

இன்னொன்றும் உண்டு. மேகம் மலை உச்சிக்கும் மேலே இருக்கிறது. அந்த உயரத்துக்கான ஆற்றலும் தண்ணீரிடம் இருந்ததுதான். ஆனால் மழைத்துளி காற்றை உரசிக்கொண்டே இறங்குகிறது. அதில் பெரும்பகுதி காற்றைச் சூடாக்குவதிலேயே கரைந்துவிடுகிறது. மலையில் விழுந்தபின் மிச்சமிருக்கும் உயரம் மட்டும்தான் ஆற்றுக்கும் அருவிக்கும்.

மிச்சம் 3,999 ரூபாய்

அது எங்கே போயிற்று? நீராவி மேகமாகக் குளிரும்போது, ஆவியாகும்போது வாங்கிய வெப்பத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இதற்குத்தான் உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஒரு லிட்டர் மழை உருவாகும்போது மேகத்துக்குள் வெளிப்படும் வெப்பம் கிட்டத்தட்ட முக்கால் யூனிட்டுக்குப் பக்கம், 0.67 யூனிட். ஒரு சதுர கிலோமீட்டரில் 10 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு கோடி லிட்டர். அதற்கு 67 லட்சம் யூனிட்!

இந்த வெப்பம் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து ஈரக்காற்று ஓடி வருகிறது. கோடையில் கடலைவிட நிலம் அதிகம் சூடாவதால் பருவக்காற்று கிளம்புகிறது. கிளம்பிய பிறகு, தான் பெய்யும் மழையிலிருந்தே அது பலம் பெறுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை இந்தக் காற்றைத் தடுக்கிறது. மழையில் பெரும்பகுதி கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு கணவாயில் மலை தாழ்ந்து ஒரு வாசல் இருக்கிறது. 1904 முதல் ரயில் போகும் அதே வழி. அந்த வாசலில் நுழைந்து வரும் ஈரம் நமக்குச் சாரல். அதே வாசலில் நெருக்கிக்கொண்டு வரும் காற்று, ஆய்க்குடி, சுரண்டை பக்கம் நிற்கும் காற்றாலைகளுக்குத் தீனி.

அருவியும் காற்றாலையும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்குகின்றன. ஒன்று பருவக்காற்று தூக்கி வந்த தண்ணீரின் எடையைப் பயன்படுத்துகிறது, மற்றொன்று பருவக்காற்றின் ஓட்டத்தையே பயன்படுத்துகிறது. காற்றில் ஒரு வசதி, வேகம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் திறன் எட்டு மடங்காகும். அதனால்தான் கணவாய்க்கு எதிரே காற்றாலை வைப்பதற்கும், வேறெங்கோ வைப்பதற்கும் அத்தனை வித்தியாசம். 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சில சின்னக் காற்றாலைகளுடன் தொடங்கிய தமிழ்நாட்டின் காற்று மின்சாரம், இன்று 10,000 மெகாவாட் நிறுவுதிறனைத் தாண்டிவிட்டது.

பரோட்டாவும் நிலக்கரியும்

அருவியில் குளித்துவிட்டு பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடாமல் ஊர் திரும்புகிறவர்கள் குறைவு. ஒரு பரோட்டாவுக்கு 250 கிலோ கலோரி என்று வைத்துக்கொள்வோம். அது பத்து லட்சம் ஜூலுக்கு மேல். அருவிக் கணக்கில் சுமார் 1,800 லிட்டர் தண்ணீர் விழுவதற்குச் சமம். ஒரே ஒரு பரோட்டாவுக்கு!

உணவில் இருப்பது வேதி ஆற்றல். அணுக்களுக்கு இடையே எலக்ட்ரான்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதில் அது ஒளிந்திருக்கிறது. அடுக்கியது இலை. கோதுமையின் பச்சையம் சூரிய ஒளியைப் பிடித்து, கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும் சேர்த்து மாவுச்சத்தாக்கியது. நாம் மூச்சுவிட்டு அதை மறுபடி பிரிக்கிறோம்.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நடப்பதும் இதேதான், வேகமாகவும் பெரிய அளவிலும். ஐந்து யூனிட், ஒவ்வொன்றும் 210 மெகாவாட், மொத்தம் 1,050 மெகாவாட் என்று கட்டப்பட்டது. ஒடிசா பக்கத்திலிருந்து கப்பலில் வரும் நிலக்கரி, 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்த செடிகொடிகள் சேமித்த வெயில். அந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கரண்டாகிறது. மீதி குளிரூட்டும் தண்ணீரோடும் புகைபோக்கி வழியாகவும் வெளியே போய்விடுகிறது.

ஆக அருவி சில நாள் பழைய வெயில், காற்றாலையும் அப்படியே. பரோட்டா சில மாதப் பழைய வெயில். நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டுப் பழைய வெயில். கூரைமேல் வைக்கும் சோலார் பலகை மட்டும்தான் சுடச்சுட வெயில். சூரியனை விட்டு 8 நிமிடத்துக்குச் சற்று முன் கிளம்பிய ஒளி.

சூரியக் கணக்கில் சேராதவை

எல்லாமே சூரியன்தான் என்று முடித்துவிட முடியாது. மூன்று விதிவிலக்குகள் இருக்கின்றன.

முதலாவது கூடங்குளம். அங்கே 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன. முதல் உலையில் 2013 ஜூலையிலும், இரண்டாவதில் 2016 ஜூலையிலும் தொடர்வினை தொடங்கியது. எரிபொருள் யுரேனியம். யுரேனிய அணுக்கள் நம் சூரியன் பிறப்பதற்கும் முன்னால், வேறு நட்சத்திரங்களின் அழிவில் உருவானவை. அந்த வன்முறையில் கொஞ்சம் ஆற்றல் அணுக்கருவுக்குள் பூட்டப்பட்டது. உலையில் அணுவைப் பிளந்து அதைத் திறக்கிறோம். ஒரே ஒரு கிராம் யுரேனியம்-235 முழுதும் பிளந்தால் சுமார் 23,000 யூனிட். அருவிக் கணக்கில் 14 கோடி லிட்டர். அணுக்கரு விசைக்கும் புவியீர்ப்புக்கும் உள்ள தூரம் இந்த ஒரு எண்ணிலேயே தெரியும்.

இரண்டாவது, பூமியின் உள்வெப்பம். பூமி உருவானபோது சிக்கிய வெப்பம் பாதி. மற்றது உள்ளே இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மெதுவாகச் சிதைவதால் வருவது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் தோரியம் இதே குடும்பம்தான்.

மூன்றாவது, கடலின் ஏற்ற இறக்கம். அதற்குக் காசு கொடுப்பது பூமியின் சுழற்சி. நிலா கடலை இழுத்துப் பிடிப்பதால் பூமி மிக மிக மெதுவாகத் தன் சுழற்சி வேகத்தை இழந்துகொண்டிருக்கிறது.

சரி, சூரியனுக்கு எங்கிருந்து வருகிறது? ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. நான்கு ஹைட்ரஜனைவிட ஒரு ஹீலியம் சற்றே எடை குறைவு. அந்தக் குறைந்த எடைதான் ஐன்ஸ்டீன் சமன்பாட்டின்படி ஆற்றலாக வெளிவருகிறது. நொடிக்கு சுமார் 40 லட்சம் டன் எடை இப்படிச் சூரியனில் குறைந்துகொண்டே இருக்கிறது.

அப்படியானால் எத்தனை வடிவம்?

பாடப்புத்தகத்தில் பட்டியல் நீளமாக இருக்கும்: இயந்திர ஆற்றல், வெப்பம், ஒளி, ஒலி, மின்சாரம், வேதி, அணு என்று. தேர்வுக்கு மனப்பாடம் செய்ய அது சரி. புரிந்துகொள்ள, இன்னும் சுருக்கலாம்.

ஒன்று, இயக்கம். விழும் தண்ணீர், வீசும் காற்று, ஆடும் மூலக்கூறு (அதுதான் வெப்பம்), அதிரும் காற்று (அதுதான் ஒலி) எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டு, இருக்கும் நிலை. ஒரு விசைக்கு எதிராக எங்கே, எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பது. மலைமேல் தண்ணீர் இருப்பது புவியீர்ப்புக்கு எதிரான நிலை. பரோட்டாவும் நிலக்கரியும் பெட்ரோலும் மின்விசைக்குள் இருக்கும் நிலை. யுரேனியம் அணுக்கருவுக்குள் இருக்கும் நிலை.

மூன்று, கதிர்வீச்சு. வெயிலாக வருவது.

வீட்டுக்கு வரும் கரண்டு ஒரு மூலம் கிடையாது, அது ஒரு வண்டி. ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்குகிறோம். "கரண்டு இருக்கும்போது பெட்ரோல் எதுக்கு?" என்று யாராவது கேட்டால், அந்த வண்டியில் சரக்கு ஏற்றியது யார் என்று கேட்க வேண்டும். பதில் தூத்துக்குடியாக இருக்கலாம், கூடங்குளமாக இருக்கலாம், சுரண்டைக் காற்றாகவும் இருக்கலாம்.

ஆற்றல் வேறு, திறன் வேறு

இந்த வேறுபாடு குற்றாலத்தில் உயிர் சம்பந்தப்பட்டது.

ஆற்றல் என்பது மொத்தத் தொகை. திறன் என்பது அது ஒரு நொடிக்கு எவ்வளவு வருகிறது என்பது. ஒரு லிட்டருக்கு 588 ஜூல் என்பது சாரல் நாளிலும் வெள்ள நாளிலும் மாறாது. நொடிக்கு 1,000 லிட்டர் விழுந்தால் 588 கிலோவாட். காட்டுக்குள் மேலே எங்கோ பெருமழை பெய்து, நொடிக்கு 10,000 லிட்டர் வந்தால் 5,880 கிலோவாட். உயரம் அதேதான், ஆனால் அந்த இடத்தில் ஒவ்வொரு நொடியும் கொட்டுவது பத்து மடங்கு.

மெயின் அருவியில் பாதி உயரத்தில் பொங்குமாகடல் என்ற பள்ளம் இருக்கிறது. தண்ணீர் அதில் விழுந்து, வேகத்தை அங்கேயே இழந்து, பொங்கி வழிந்து மறுபடி இறங்குகிறது. தடையே இல்லாமல் 60 மீட்டர் விழும் பொருள் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிடும். நடுவில் அந்தப் பள்ளம் வேகத்தை வாங்கிக்கொள்வதால்தான் நாம் அடியில் நின்று குளிக்க முடிகிறது. வெள்ளத்தில் தண்ணீரோடு கல்லும் கட்டையும் வரும். ஒரு கிலோ கல்லும் ஒரு லிட்டர் தண்ணீரும் சுமப்பது ஒரே ஆற்றல்தான். ஆனால் தண்ணீர் சிதறிப் பரவும்; கல் முழுவதையும் ஒரே புள்ளியில், கண் இமைப்பதற்குள் இறக்கிவிடும்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் வந்தபோது 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அருவிக்கரையில் வெயில் அடிக்கிறதா, மழை பெய்கிறதா என்பது ஒன்றும் சொல்லாது. தண்ணீரின் திறனைத் தீர்மானிப்பது மேலே காட்டுக்குள் கடைசி ஒரு மணி நேரத்தில் பெய்தது. பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸ் குளிக்கத் தடை போடுவது இதற்காகத்தான். "நல்லாத்தானே விழுது, அஞ்சு நிமிஷம் குளிச்சிட்டு வந்துடுறேன் சார்" என்று வாதாடுகிறவர்கள் இந்தப் பத்து மடங்கு கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

கணக்குக் கேட்காததால் ஏமாந்த கதை

1996-ல் ராஜபாளையம் பக்கத்து இளைஞர் ஒருவர் தண்ணீரையும் மூலிகையையும் கொதிக்கவைத்து பெட்ரோல் தயாரிப்பதாகச் சொன்னார். நாடே திரும்பிப் பார்த்தது. ஐஐடி வரை சோதனை நடந்தது. கடைசியில் பெட்ரோலியப் பொருட்களைக் கலந்து விற்றதாக சிபிஐ வழக்குப் போட்டு, 2016-ல் சென்னை நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. இடைப்பட்ட காலத்தில் அதை நம்பி ஏஜென்சிக்குப் பணம் கட்டியவர்கள் நம் பக்கத்து ஆட்கள்.

ஆய்வகமே தேவையில்லை, ஒரு கேள்வி போதும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 3.4 கோடி ஜூல் இருக்கிறது. குற்றாலக் கணக்கில் 58,000 லிட்டர் விழுந்தால் கிடைப்பது. அது எங்கிருந்து வந்தது? தண்ணீரிலிருந்து வர வழியில்லை. தண்ணீர் என்பது ஏற்கனவே எரிந்துமுடிந்த ஹைட்ரஜன், ஒரு மாதிரி சாம்பல். கைப்பிடி இலையில் இருப்பது அந்த இலை எரிந்தால் வருவது மட்டும். அடுப்பு விறகிலிருந்து வந்தது என்றால், விறகையே நேரடியாக எரித்துவிடலாமே.

இப்போது வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களிலும் இதே கதைதான். மோட்டார் ஜெனரேட்டரைச் சுற்றுமாம், ஜெனரேட்டர் மோட்டாருக்குக் கரண்டு கொடுக்குமாம், மிச்சத்தில் வீட்டுக்கு லைட் எரியுமாம். தண்ணீரை மோட்டார் போட்டு மேலே ஏற்றி, கீழே விட்டு டர்பைன் ஓட்டும் திட்டத்தைச் சொல்கிறவர்களும் உண்டு. இரண்டாவது உண்மையில் இருக்கிறது. ஆனைமலைப் பகுதியில் 400 மெகாவாட் கடம்பாறை நிலையம் அதற்காகவே கட்டப்பட்டது. ஆனால் அது வங்கி, வருமானம் கிடையாது. தேவை குறைவான நேரத்தில் மிச்சக் கரண்டைக் கொண்டு தண்ணீரை ஏற்றி வைத்து, தேவையான நேரத்தில் திரும்ப எடுக்கிறார்கள். இந்த மாதிரி நிலையங்களில் 100 யூனிட் போட்டால் பொதுவாக 70 முதல் 80 யூனிட்தான் திரும்பி வரும். குறைந்த 20, 30 அழிந்துவிடவில்லை, வெப்பமாகச் சிதறிவிட்டது. அருவியடியில் பரவிய 0.14 டிகிரியைப் போல, கணக்கில் இருக்கும், கையில் சேர்க்க முடியாது. "ஆற்றல் தீர்ந்துபோகிறது" என்று நாம் சொல்வதன் உண்மையான அர்த்தம் இதுதான்.

சரி, கரண்டு எடுக்கலாமா?

ஆண்டில் மூன்று மாதம், நொடிக்கு 1,000 லிட்டர் வீதம் தடையில்லாமல் விழுவதாக வைத்துக்கொள்வோம். நட்டம் போக 500 கிலோவாட். 90 நாளில் 10.8 லட்சம் யூனிட். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் 450 வீடுகளுக்கு ஒரு வருடத்துக்கு வரும். ஆனால் அதற்குத் தண்ணீர் முழுவதையும் உச்சியிலேயே குழாயில் திருப்பிவிட வேண்டும். அருவி இருக்கும் இடத்தில் காய்ந்த பாறைதான் இருக்கும். அந்த மூன்று மாதத்தை நம்பி இருக்கும் விடுதி, ஆட்டோ, பழக்கடை, எண்ணெய் மசாஜ் பிழைப்பெல்லாம் அதோடு போய்விடும்.

2,000 கிலோவாட் காற்றாலை ஒன்று, வருட சராசரியாகத் தன் திறனில் கால்வாசி ஓடினாலே 43 லட்சம் யூனிட். மொத்த அருவியைப் போல நான்கு மடங்கு. அதே பருவக்காற்றிலிருந்து, ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொடாமல்.

தண்ணீரின் உயரத்திலிருந்து எடுக்கத் தகுந்த இடம் நம் பக்கத்திலேயே தெற்கே இருக்கிறது. பாபநாசம். 1880களில் ஹார்வி சகோதரர்கள் அங்கே நூற்பாலை தொடங்கியபோதே தாமிரபரணியின் வீழ்ச்சியைக் கொண்டுதான் இயந்திரங்களை ஓட்டினார்கள். 1944 முதல் அங்கே நீர்மின் நிலையம் இயங்குகிறது, 32 மெகாவாட். நம் கற்பனை குற்றாலத் திட்டத்தைப் போல 64 மடங்கு. இரண்டு பருவமழையும் நனைக்கும் பெரிய நீர்ப்பிடிப்பு, தேக்கி வைத்துத் தேவைக்குத் திறக்க அணை, இரண்டும் தாமிரபரணிக்கு உண்டு. சிற்றாற்றுக்கு அப்படி இல்லை.

கடைசியாக, "சும்மா கொட்டுது" என்ற வார்த்தையைப் பற்றி. விழுந்த தண்ணீர் சிற்றாறாகி, தடுப்பணைகளில் திரும்பி, தென்காசிப் பக்கத்துக் குளங்களை நிரப்பி, மிச்சம் சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேர்கிறது. ஒரு கிலோ அரிசி விளைய 5,000 லிட்டர் தண்ணீர் ஆகும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அந்த 5,000 லிட்டரும் அருவியில் விழும்போது கொடுத்தது 29 லட்சம் ஜூல். அந்த ஒரு கிலோ அரிசிக்குள் இருப்பது 1.4 கோடி ஜூலுக்கு மேல், ஐந்து மடங்கு. ஆற்றல் கொடுத்தது வெயில்தான், தண்ணீர் இல்லை. ஆனால் தண்ணீர் இல்லாமல் நெல் அந்த வெயிலைப் பிடித்திருக்காது. அடுத்த தடவை அருவிக்கரையில் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், ஆய்க்குடிப் பக்கம் சுற்றும் காற்றாலையையும் சிற்றாற்றுப் பாசன வயலையும் கைகாட்டிவிடுங்கள்.